துரு வேறு, செதில் வேறு: உயர்வெப்பத்தில் எஃகின்மேல் வளரும் படலம்

முன்னுரை

செம்பின்மேல் படிவதைக் களிம்பு என்கிறோம். இரும்பின்மேல் படிவதைத் துரு என்கிறோம். உலோகத்தை உருக்கும்போது ஒதுங்கும் கழிவுக்குக் கிட்டம் என்னும் பழஞ்சொல் உண்டு. இவ்வாறு பொருளுக்கேற்பச் சொல்லை வேறுபடுத்தி வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆயினும், இரும்பும் ஆக்சிஜனும் கூடி உண்டாக்கும் எதனையும் வகுப்பறையில் துரு என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இது சிறிய சொற்பிழையாகத் தோன்றலாம். ஆனால், அச்சொல்லோடு சேர்ந்து ஒரு கருத்தும் மாணவர் உள்ளத்தில் புகுந்துவிடுகிறது. ஆக்சைடு என்றாலே கேடு, அது எஃகை அரித்துத் தின்னும், அதனை அறவே தடுப்பதுதான் பொறியாளர் பணி என்பதே அக்கருத்து. உயர்வெப்பத்தில் எஃகு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிந்தால், இது பாதி உண்மையே என்பது புலப்படும்.

நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்குச் செதில் என்னும் சொல்லை ஆள்கிறோம். மீனின் உடலை மூடிக் காப்பதும் செதிலே. கத்தி பட்டதும் பெயர்ந்து விழுவதும் செதிலே. காத்தல், பெயர்தல் ஆகிய இரண்டு குணங்களும் எஃகின்மேல் வளரும் இப்படலத்துக்கும் உண்டு. அது எவ்வாறு பிறக்கிறது, எந்தக் கணக்கில் வளர்கிறது, எப்போது காக்கிறது, எப்போது கெடுக்கிறது என்பவற்றை முறையே காண்போம்.

1. துருவும் செதிலும்

துரு உண்டாவதற்கு நீர் வேண்டும். சாதாரண வெப்பநிலையில் ஈரமும் ஆக்சிஜனும் ஒருங்கே இரும்பைத் தீண்டும்போது, நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு உருவாகிறது. அது பொடியாகவும் நுண்துளைகள் நிறைந்ததாகவும் இருக்கும். அத்துளைகளின் வழியே ஈரமும் காற்றும் மீண்டும் உள்ளே செல்கின்றன. எனவே, எவ்வளவு துரு படிந்தாலும் அது அடியிலுள்ள இரும்புக்குப் போர்வையாவதில்லை.

செதிலுக்கு நீர் வேண்டுவதில்லை. உலர்ந்த காற்றும் உயர்ந்த வெப்பமும் போதும். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொல்லர் சம்மட்டியால் அடிக்கும்போது கருநிறத் தகடுகள் தெறித்து விழுகின்றன, அவை செதில். கட்டுமானத் தளத்தில் புதிதாக வந்திறங்கும் கம்பிகளின் மேல் நாம் காணும் நீலங்கலந்த சாம்பல் நிறமும் செதிலின் நிறமே. அதே கம்பிகள் சில நாள் மழையில் நனைந்தபின் அவற்றின்மேல் தோன்றும் செம்பழுப்புத் திட்டுகள் துரு. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்று ஜூரோங்கில் அமைந்த தேசிய இரும்பு எஃகு ஆலையும், மலேசியாவில் பிறை நகரில் 1967ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா ஆலையும் எஃகு உருட்டத் தொடங்கிய காலந்தொட்டு இக்காட்சி நம் இரு நாடுகளுக்கும் பழக்கமானது. ஒரே கம்பியின்மேல் துருவும் செதிலும் அருகருகே இருப்பதை மாணவர்க்குக் காட்டுவதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை.

2. மூன்று அடுக்குகள்

செதில் ஒரே பொருளால் ஆனதன்று. காற்றில் 570 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய இரும்பின்மேல் மூன்று ஆக்சைடுகள் அடுக்கடுக்காக உருவாகின்றன. உலோகத்தை ஒட்டி அடியில் இருப்பது வுஸ்டைட். ஃபிரிட்ஸ் வுஸ்ட் என்னும் ஜெர்மானிய உலோகவியலாளரின் பெயரால் வழங்குவது அது. அதில் இரும்பணு ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் ஆக்சிஜன் அணு இருக்கும். நடுவில் இருப்பது மேக்னடைட். அதில் மூன்று இரும்பணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்கள். காந்தக்கல் என நாம் அறிந்த கனிமம் இதுவே. காற்றைத் தொட்டுக்கொண்டு மேலே இருப்பது ஹேமடைட். அதில் இரண்டு இரும்பணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள். செங்காவி மண்ணுக்கு நிறம் தருவது இந்த ஆக்சைடே.

இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. உலோகத்தை ஒட்டிய இடத்தில் இரும்பு மிகுதி, ஆக்சிஜன் குறைவு. காற்றை ஒட்டிய இடத்தில் அதற்கு மாறான நிலை. ஆகவே, உள்ளிருந்து வெளியே செல்லச் செல்ல, ஆக்சிஜன் பங்கு கூடிய ஆக்சைடு இடம்பெறுகிறது.

ஆனால், மூன்றும் சம அளவில் இருப்பதில்லை. 1,000 பாகையை ஒட்டிய வெப்பத்தில் வளரும் செதிலின் தடிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு வுஸ்டைட், 4 பங்கு மேக்னடைட், 1 பங்கு ஹேமடைட் என்பது பாடநூல்கள் தரும் அளவு. அதாவது, செதிலின் வளர்ச்சி என்பது பெரும்பாலும் வுஸ்டைட்டின் வளர்ச்சியே. 570 பாகைக்குக் கீழே வுஸ்டைட் நிலைத்திருப்பதில்லை. அங்கே மேக்னடைட்டும் ஹேமடைட்டும் மட்டுமே உருவாகின்றன. செதிலும் மிக மெதுவாக வளர்கிறது. முன்னரே உருவான வுஸ்டைட்கூட மெல்ல ஆறும்போது இரும்பாகவும் மேக்னடைட்டாகவும் பிரிந்துவிடுகிறது. இரும்பைப் பொறுத்தவரை 570 பாகை என்பது ஒரு வாசற்படி. அதனைத் தாண்டினால் செதில் விரைந்து வளரும்.

3. நகர்வது எது?

செதில் வளரும்போது ஆக்சிஜன் உள்ளே செல்கிறதா, இரும்பு வெளியே வருகிறதா? காற்று உள்ளே புகுந்து இரும்பைத் தின்பதாகவே எவரும் முதலில் எண்ணுவர். இதனைச் சோதித்தவர்களுள் ஒருவர் எல். பி. பைல். 1929இல் வெளியான அவரது ஆய்வில், இரும்பின் மேற்பரப்பில் பச்சை நிறமுள்ள குரோமியம் ஆக்சைடைப் பூசி அதனைச் சூடேற்றினார். ஆக்சிஜன் மட்டுமே உள்ளே சென்றிருந்தால், பச்சைப் பூச்சு செதிலின் உச்சியில் இருந்திருக்க வேண்டும். ஆனால், அது செதிலுக்குள் புதைந்து கிடந்தது. பூச்சுக்கு அடியிலிருந்த இரும்பு அதனைக் கடந்து மேலே வந்து ஆக்சிஜனைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

திண்மப் பொருளுக்குள் அணுக்கள் எவ்வாறு நடமாடுகின்றன? நிரம்பிய அரங்கு ஒன்றைக் கற்பனை செய்வோம். எல்லா நாற்காலிகளிலும் ஆள் இருந்தால் எவராலும் இடம் மாற முடியாது. அங்கங்கே சில நாற்காலிகள் காலியாக இருந்தால், பக்கத்தில் இருப்பவர் அதில் வந்து அமர்வார்; அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வருவார். இவ்வாறு அரங்கு முழுவதும் நடமாட்டம் நிகழும். வுஸ்டைட்டின் படிகத்தில் இரும்புக்கு உரிய இடங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து முதல் பன்னிரண்டு வரை காலியாகவே இருக்கின்றன. எனவே, இரும்பு அயனிகள் அதன் வழியே எளிதில் வெளியேறுகின்றன. வுஸ்டைட் விரைந்து வளர்வதற்கும், 570 பாகைக்கு மேல் செதில் திடீரெனப் பருப்பதற்கும் காரணம் இந்தக் காலியிடங்களே. காலியிடங்கள் குறைந்த ஆக்சைடு மெதுவாக வளரும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தால், பின்னர் வரும் அனைத்தும் எளிதாகும்.

4. வளர்ச்சியின் கணக்கு

செதில் தடிக்கத் தடிக்க, இரும்பு அயனி கடக்கவேண்டிய தொலைவும் கூடுகிறது. ஆகவே, வளர்ச்சி தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. செதிலின் தடிப்பு நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளராமல், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. வரைபடத்தில் இது பரவளைவாகத் தோன்றுவதால் பரவளைவு விதி எனப்படும். குஸ்தாவ் டம்மன் 1920இலும், பில்லிங், பெட்வொர்த் ஆகிய இருவர் 1923இலும் இவ்விதியைச் சோதனைகளால் எடுத்துரைத்தனர். கார்ல் வாக்னர் 1933இல் அயனிகளின் நகர்ச்சியைக் கொண்டு அதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார்.

எடுத்துக்காட்டாக, முதல் ஒரு மணி நேரத்தில் செதில் ஓர் அலகு தடிப்புக்கு வளர்வதாகக் கொள்வோம். இரண்டு அலகு ஆவதற்கு நான்கு மணி நேரமும், மூன்று அலகு ஆவதற்கு ஒன்பது மணி நேரமும் ஆகும். இப்போது, ஒவ்வொரு மணி நேர முடிவிலும் செதில் முழுதும் பெயர்ந்து விழுந்துவிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் வெறும் எஃகிலிருந்து வளர்ச்சி மீண்டும் தொடங்கும். ஒவ்வொரு மணி நேரத்திலும் ஓர் அலகு உருவாகும். ஒன்பது மணி நேரத்தில் மொத்தம் ஒன்பது அலகு. உலை ஒன்றே, எஃகு ஒன்றே, வெப்பமும் ஒன்றே. செதில் ஒட்டியிருந்தால் மூன்று அலகுக்குரிய எஃகு போகிறது, பெயர்ந்துகொண்டே இருந்தால் ஒன்பது அலகுக்குரிய எஃகு போகிறது. ஒட்டியிருக்கும் செதில் தன் அடியிலுள்ள எஃகைக் காக்கிறது என்பதற்கு இக்கணக்கைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அவ்வாறாயின், செதில் ஏன் பெயர்கிறது? முதற்காரணம் கனஅளவு. ஆக்சைடாக மாறிய இரும்பு, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைவிட மிகுதியான இடத்தைக் கேட்கிறது. வுஸ்டைட்டுக்கு அது ஏறத்தாழ 1.7 மடங்கு, மேக்னடைட்டுக்கு ஏறத்தாழ 2.1 மடங்கு. இதனால் படலத்துக்குள் நெருக்கம் உண்டாகிறது. இரண்டாவது காரணம் குளிர்தல். எஃகும் செதிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. எஃகு கூடுதலாகச் சுருங்கும். வளைந்து கொடுக்கத் தெரியாத செதில் வெடித்துப் பெயரும். ஆகவே, செதிலுக்கு ஆபத்தான வேளை உலை எரியும் வேளை மட்டுமன்று. உலை அணையும் வேளையும் ஆகும்.

5. உருட்டாலையில் செதில்

எஃகுப் பாளங்களைத் தகடாக உருட்டுவதற்கு முன் 1,200 முதல் 1,250 பாகை வரை சூடேற்றுவர். சில மணி நேரம் உலைக்குள் இருக்கும் பாளத்தின்மேல் தடித்த செதில் வளர்கிறது. அதனால் எஃகின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ செதிலாகப் போகிறது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் உருட்டும் ஆலையில் நூற்றுக்கு ஒன்று என்றாலும் அது 10,000 டன் எஃகு. உலையின் வெப்பம் கூடினால் இழப்பும் கூடும். 1,000 பாகையில் வளரும் தடிப்போடு ஒப்பிட்டால், 1,100 பாகையில் அதே நேரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் செதில் வளரும்.

உலையிலிருந்து வெளிவரும் பாளத்தின்மேல், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சுவர். நீரின் மோதலாலும் திடீர்க் குளிர்ச்சியாலும் செதில் உடைந்து பெயர்கிறது. முந்திய பகுதியில் குறையாகக் கண்ட பெயரும் குணம் இங்கே உதவியாகிறது. எஃகில் சிலிக்கான் மிகுந்திருந்தால் இவ்வேலை கடினமாகும். சிலிக்கான் ஆக்சைடும் வுஸ்டைட்டும் கூடி, ஏறத்தாழ 1,170 பாகைக்கு மேல் உருகும் கலவையை உண்டாக்குகின்றன. உருகிய அக்கலவை எஃகின் நுண்ணிடுக்குகளில் புகுந்து, ஆறியபின் செதிலைப் பற்றிக்கொள்கிறது. அகலாத செதில் உருளைகளுக்கிடையே நசுங்கித் தகட்டுக்குள் பதிந்தால், அத்தகடு குறையுள்ளதாகிவிடும்.

உருட்டிய பின்னும் தகட்டின்மேல் மெல்லிய செதில் மீண்டும் உருவாகிறது. வண்ணம் பூசவேண்டிய எஃகில் அதனை விட்டுவைத்தல் தவறு. செதில் முழுமையாக இருக்கும்வரை கேடில்லை. அதில் ஒரு விரிசல் விழுந்து ஈரம் புகுந்தால், செதிலும் எஃகும் ஒரு மின்கலத்தின் இரு முனைகள்போல் ஆகின்றன. விரிசலின் அடியில் தெரியும் சிறிதளவு எஃகு மட்டும் ஆழமாகக் குழிவிழுந்து அரிபடுகிறது. வேலி முழுவதும் உறுதியாக இருந்தும் ஒரே இடத்தில் திறப்பு இருந்தால், உள்ளே நுழைவோர் அனைவரும் அவ்வழியே வருவது போன்றது இது. இதனாலேயே அமிலத்தில் அமிழ்த்தியோ மணல் போன்ற துகள்களை வீசியோ செதிலை நீக்கிய பின்னர் வண்ணம் பூசுகின்றனர். நீக்கிய செதிலும் வீணாவதில்லை. அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இரும்பே ஆதலால், எஃகாலைகள் அதனைத் தாதுவோடு சேர்த்து மீண்டும் பயன்படுத்துகின்றன.

6. கொதிகலன் குழாயில் செதில்

செதில் பெயர்வதால் வரும் இடர் மிகப் பெரிதாகும் இடம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன். அங்கே குழாய்களுக்கு வெளியே நெருப்பு, உள்ளே நீராவி. உயர்வெப்பத்தில் நீராவியும் இரும்பை ஆக்சைடாக்கும். மூன்று இரும்பணுக்கள் நான்கு நீர் மூலக்கூறுகளிலிருந்து ஆக்சிஜனைப் பெற்று மேக்னடைட் ஆகின்றன. ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. குழாயின் உட்புறத்தில் மெல்லிய, செறிவான மேக்னடைட் இருப்பது நன்றே. அது உள்ளிருக்கும் எஃகைக் காக்கிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடிக்கிறது. மேக்னடைட் வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் எஃகைவிடப் பன்மடங்கு குறைவு. நெருப்பின் வெப்பம் நீராவிக்கு எளிதில் போய்ச் சேராமல் குழாயின் சுவரிலேயே தேங்குகிறது. சுவரின் வெப்பநிலை உயர்கிறது. அழுத்தத்தைத் தாங்கும் எஃகு, உயர்வெப்பத்தில் மிக மெதுவாக நீண்டு தளரும் இயல்புடையது. வெப்பம் பத்துப் பதினைந்து பாகை கூடினாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த படலம் ஒரு குழாயின் ஆயுளை இவ்வாறு குறைத்துவிடக்கூடும்.

கொதிகலனை நிறுத்திக் குளிரவிடும்போது வேறோர் இடர் நேர்கிறது. குழாய் சுருங்க, செதில் தகடுகளாகப் பெயர்ந்து, வளைவான குழாயின் அடியில் குவிகிறது. மீண்டும் இயக்கும்போது அக்குவியல் நீராவியை மறித்தால், அக்குழாயைக் குளிர்விக்க எதுவும் இல்லை. அது அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கக்கூடும். குவியாத துகள்களோ நீராவியோடு விரைந்து சென்று சுழலியின் தகடுகளைத் தேய்க்கின்றன.

இக்காலத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெற்றுள்ளது. நீராவியின் வெப்பத்தை உயர்த்தினால், அதே அளவு மின்சாரத்துக்குக் குறைந்த நிலக்கரி போதும், புகையும் குறையும். பேராக் மாநிலத்தின் மஞ்சோங்கில் 2015ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 1,000 மெகாவாட் அலகு இத்தகைய உயர்வெப்பத் தொழில்நுட்ப வகையைச் சேர்ந்தது. இவ்வகைக் கொதிகலன்களில் நீராவி 600 பாகையை ஒட்டிச் செல்கிறது. அவ்வெப்பத்தை மேலும் எவ்வளவு உயர்த்தலாம் என்பதை உறுதிசெய்யும் காரணிகளுள் ஒன்று, குழாய்க்குள் வளரும் செதில்.

7. நல்ல செதிலைத் தேர்தல்

செதிலே வளராத எஃகைச் செய்வது இயலாது. ஆனால், எந்தச் செதில் வளரவேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். எஃகில் குரோமியத்தைச் சேர்த்தால், அது இரும்பைவிட வலுவாக ஆக்சிஜனைப் பற்றுவதால், மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு உருவாகிறது. அதன் படிகத்தில் காலியிடங்கள் மிகக் குறைவு. அயனிகள் நகர வழியில்லை. எனவே, அது வுஸ்டைட்டைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக வளர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய படலமே நெடுங்காலம் காவல் செய்கிறது. ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913இல் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் சேர்த்து உருவாக்கிய துருப்பிடிக்கா எஃகின் இரகசியமும் இத்தகைய படலமே. குரோமியம் போதாவிடில் மேற்பரப்பு முழுவதும் படலம் தொடர்ந்து அமையாது. இடைவெளிகளில் மீண்டும் இரும்பு ஆக்சைடே தலைதூக்கும்.

குரோமியம் ஆக்சைடுக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 1,000 பாகைக்கு மேல் அது மேலும் ஆக்சிஜனோடு கூடி ஆவியாகத் தொடங்குகிறது. அங்கே அலுமினியத்தின் உதவியை நாடவேண்டும். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகங்களின்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. மின்னுலைகளின் சூடேற்றுச் சுருள்களைக் காப்பது அதுவே. சீரியம் போன்ற அருமண் தனிமங்களை மிகச் சிறிதளவு சேர்த்தால் இப்படலங்கள் எளிதில் பெயரா என்பதும் அறியப்பட்டது. 1937இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர், முன்பு பச்சைப் பூச்சைக் கொண்டு சோதனை செய்த அதே பைல் ஆவார்.

8. வகுப்பறைக்கு

இக்கருத்துகளைக் காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. துத்தநாகம் பூசப்படாத இரும்பு ஆணி ஒன்றையும் துருப்பிடிக்கா எஃகுக் கரண்டி ஒன்றையும் இடுக்கியால் பற்றி, பன்சன் சுடரில் ஆசிரியர் சில நிமிடம் காட்டவேண்டும். துத்தநாகம் பூசிய ஆணியின் புகை உடலுக்குத் தீங்கானது. ஆதலால் அதனைத் தவிர்த்தல் கட்டாயம். கண்காப்பும் வேண்டும். ஆணி முதலில் வைக்கோல் நிறம், பின் பழுப்பு, ஊதா, நீலம் என மாறும். வைக்கோல் நிறம் 220 பாகையை ஒட்டியும் நீலம் 300 பாகையை ஒட்டியும் தோன்றும். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் நிறங்களைப்போல, மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி விளைக்கும் நிறங்கள் இவை. மேலும் சூடேறினால் ஆணி சாம்பல் நிறமாகும். ஆறியபின் அதனை வளைத்தால் கருஞ்செதில் உதிரும்; உதிர்ந்ததைக் காந்தம் ஈர்க்கும். கரண்டியிலோ நிறம் மாறுமேயன்றிச் செதில் உதிராது. அது ஏன் என்று மாணவர்களைக் கேட்பதே பாடத்தின் தொடக்கமாகலாம்.

முடிவுரை

எஃகு உயர்வெப்பத்தில் ஆக்சைடாகாமல் இருப்பதில்லை. அந்த ஆக்சைடு செறிவானதா, எஃகை ஒட்டி நிற்பதா, மெதுவாக வளர்வதா என்பதைப் பொறுத்தே அது காவலாகவோ கேடாகவோ அமைகிறது. கொல்லர் பட்டறையில் தெறிப்பதும், கம்பியின்மேல் நீலமாய்ப் படிந்திருப்பதும், கொதிகலன் குழாயைக் காப்பதும், அதே குழாயை அடைப்பதும் செதிலே. இத்தனை செயலையும் துரு என்னும் சொல் தாங்காது. சரியான சொல் இருந்தால் சரியான கேள்வி பிறக்கும். துரு என்று மட்டும் கற்ற மாணவர் அதனை எவ்வாறு நீக்குவது என்றே கேட்பார். செதில் என்றும் கற்ற மாணவர் எத்தகைய செதிலை வளர்ப்பது என்றும் கேட்பார். உயர்வெப்ப எஃகுகளை உருவாக்குவோர் கேட்பது இந்த இரண்டாம் கேள்வியையே. அதனைத் தமிழிலேயே கேட்கும் வாய்ப்பை நம் மாணவர்க்கு நாம் தரவேண்டும்.